ஓடாத வட்டும் ஓடவிடாத பூட்டும்

பணம் கொடுத்து வாங்கிய சினிமா டிவிடி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட மறுத்தால் உடனே வந்து விழும் அறிவுரைகள் எல்லோருக்கும் மனப்பாடம். வட்டைத் துடைத்துப் போடுங்கள், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள், ‘கோடெக் பேக்’ ஒன்றை இறக்கிப் பாருங்கள், எதற்கும் மசியவில்லையென்றால் டிரைவையே மாற்றிவிடுங்கள். மட்டமான வட்டு, பழைய மெஷின், கையாளத் தெரியாத ஆள் என்று பழி ஏதாவது ஒரு பக்கம் போய் விழும். வட்டை வெளியிட்டவர் மீதும் மென்பொருளை விற்றவர் மீதும் மட்டும் விழாது. இந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டிய கேள்வியே விடுபட்டிருக்கிறது: இந்த வட்டை ஓட்ட இந்தக் கம்ப்யூட்டருக்கு யாராவது அனுமதி கொடுத்திருக்கிறார்களா? பழுது என்று நாம் நினைத்துக்கொள்வதில் கணிசமான பகுதி, யோசித்துத் திட்டமிட்டு வைக்கப்பட்ட மறுப்பு. மறுப்பைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. அதை வைத்தவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும், சட்டத்திடமும்.

பழுது என்பதே கிடையாது என்று சொல்ல வரவில்லை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. தகவல் நடுவில் பத்திரமாக இருப்பதால் அடிப்பக்கத்தின் மெல்லிய கீறல்களை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலைவிட வட்டத்தோடு வளைந்து ஓடும் கீறல் மோசமானது. வட்டில் எழுதப்பட்டிருக்கும் பிழைதிருத்தக் கணக்கு சின்னச் சின்ன இடைவெளிகளைச் சரிக்கட்டிவிடும், தொடர்ந்து நீளும் இடைவெளியில் தோற்றுப்போகும். துடைக்கும்போது சுற்றித் துடைக்காமல் உள்ளிருந்து வெளியே துடைக்கச் சொல்வது அதனால்தான். பழைய சிடியில் தகவல் லேபிளுக்கு நேர் அடியில் இருக்கிறது, ஆகவே அதற்கு மேல்பக்கக் கீறல்தான் எமன். படம் எப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால் வட்டைச் சந்தேகிக்கலாம். எந்த வட்டைப் போட்டாலும் திணறினால் லென்ஸில் தூசி. யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் சுழலத் தொடங்கி, ‘டிக் டிக்’ என்று நின்றுபோனால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். ஹப்பிலிருந்து பிடுங்கி நேரடியாக மாட்டினாலே பல டிரைவ்கள் உயிர் பெற்றுவிடும். கல்யாண வீடியோக்காரர் எழுதித் தந்த டிவிடியின் கதை வேறு. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெக்கையும் அதை மெல்ல மெல்ல வெளுக்கவைக்கும். அது ஓடாவிட்டால் உண்மையிலேயே பழுதுதான்.

பழுதையும் மறுப்பையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. வட்டைப் போட்டதும் அதன் பெயர் திரையில் வருகிறதா, உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் திறக்கிறதா, அதிலுள்ள ஃபைல்களின் பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தெரிந்தும் படம் தொடங்கவே இல்லையென்றால் லேசர் வட்டை வாசித்துவிட்டது என்று அர்த்தம். டிரைவ் நன்றாக இருக்கிறது, வட்டும் அனேகமாக நன்றாகவே இருக்கிறது. இனித் தடுப்பது வேறு எதுவோ. அந்த ‘எதுவோ’ ஒன்றல்ல, பல அடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வரலாறும், அதனால் லாபமடைந்த ஒரு தரப்பும் உண்டு.

முதல் அடுக்கு வெறும் காசு விவகாரம். டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையிலும் ஒலி பெரும்பாலும் டால்பி முறையிலும் சுருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. அதை விரித்துக் காட்டும் டிகோடர் கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் அது கிடையாது. டிரைவோடு சேர்ந்து வந்த பவர்டிவிடி, வின்டிவிடி போன்ற மென்பொருள்கள் அதைக் கொண்டுவந்தன. விஸ்டாவிலும் விண்டோஸ் 7லும் விலை கூடிய பதிப்புகளில் சேர்த்தார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அப்போது சொன்ன காரணத்தில் ஒளிவுமறைவு இல்லை: டிகோடருக்கான காப்புரிமைத் தொகையை விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கட்ட வேண்டியிருக்கிறது, டிரைவே இல்லாத கம்ப்யூட்டர்களோ பெருகிவருகின்றன, வட்டில் படம் பார்க்காதவர் தலையில் அந்தச் செலவை ஏன் கட்ட வேண்டும்? வணிகக் கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். விண்டோஸ் 10 காலத்தில் டிவிடி பார்ப்பதற்கென்றே ஒரு தனிச் செயலியை அமெரிக்காவில் 14.99 டாலருக்கு விற்றது. அதையும் விட்டுவிடலாம். ஆனால் எம்பெக்-2 காப்புரிமைகளில் கடைசியானது அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் காலாவதியானது. டால்பியின் அந்தப் பழைய ஒலிமுறைக்கான காப்புரிமைகள் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தன. கட்ட வேண்டிய கப்பம் போன பிறகும், 2021ல் வந்த விண்டோஸ் 11ல் டிவிடி ஓட்டும் வசதி திரும்பவில்லை. விண்டோஸ் 7 லேப்டாப்பில் ஓடிய வட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான இன்றைய கம்ப்யூட்டரில் நிற்கிறது. வாங்கியவரோ தன் மெஷினில்தான் ஏதோ குறை என்று நினைத்து இணையத்தில் தேடி, முகம் தெரியாத தளத்திலிருந்து ‘கோடெக்’ என்ற பெயரில் வைரஸை இறக்கிக்கொள்கிறார்.

இரண்டாவது அடுக்குதான் உண்மையான பூட்டு. 1996ல் டிவிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதே, படத்தை ரகசியக் குறியீட்டால் பூட்டி, சாவிகளை உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாடு அதனுடன் வந்துவிட்டது. வட்டு உங்களுடையது, டிரைவ் உங்களுடையது, சாவி மட்டும் அவர்களுடையது. வீட்டை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி அவ்வப்போது வந்து கதவைத் திறந்துவிடும் பழைய வீட்டுக்காரர் மாதிரி. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அந்தத் தயவும் கிடைக்கவில்லை. உரிமம் பெற்ற பிளேயர் அப்போது அதற்கு வரவில்லை. 1999 அக்டோபரில் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோஹான்சன், வேறு இருவரின் கூட்டுழைப்பில் உருவான ‘டிசிஎஸ்எஸ்’ என்ற திறப்பானை இணையத்தில் வெளியிட்டார். 40 பிட் நீளமே கொண்ட அந்தப் பூட்டு வடிவமைப்பிலும் பலவீனமானது, எளிதாக விழுந்தது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் புகாரின் பேரில் நார்வே அரசு அவர்மீது வழக்குப் போட்டது. சட்டப்படி விலை கொடுத்து வாங்கிய படத்தைப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று சொல்லி ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பு. அமெரிக்காவில் நேரெதிர். அதே நிரலை வெளியிட்ட ‘2600’ என்ற பத்திரிகை 2000ல் தோற்றது. 1998ல் அங்கே நிறைவேறிய சட்டம் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கியிருந்தது, திறந்து என்ன செய்தீர்கள் என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை.

பூட்டோடு ஒட்டிப் பிறந்தது மண்டல எண். அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியா 3. ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா 4. இந்தியாவும் இலங்கையும் 5. டொரன்டோவில் அண்ணன், லண்டனில் தங்கை, கோலாலம்பூரில் மாமா, சிட்னியில் மகள், யாழ்ப்பாணத்தில் அம்மா என்று சிதறியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை இந்த வரைபடம் கச்சிதமாக ஐந்தாக வெட்டிப் போடுகிறது. டொரன்டோவிலிருந்து கொண்டுவந்து அன்பளிப்பாகத் தந்த ஆங்கிலப் படத்தின் வட்டு இங்கே ஓடாது, இதில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை. 2000 ஜனவரி 1 முதல் கம்ப்யூட்டர் டிரைவ்களுக்குள்ளேயே இந்தக் காவல் வைக்கப்பட்டது. வாங்கியவர் மண்டலத்தை 5 முறை மாற்றலாம். ஐந்தாவது தடவை எதில் நிற்கிறதோ அதிலேயே டிரைவ் உறைந்துவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினாலும் எண்ணிக்கை திரும்பாது, அது டிரைவின் நினைவில் எழுதப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு இதில் எந்தத் தேவையும் இல்லை என்பதற்குத் தமிழ்ப் படங்களே சாட்சி. உலகெங்கும் சிதறிய ரசிகர்களை நம்பிய தமிழ் டிவிடி வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் ‘எல்லா மண்டலமும்’ என்றே போட்டு விற்றார்கள். ஹாலிவுட்டுக்கு மண்டலம் தேவைப்பட்டது, ஒரு நாட்டில் தியேட்டரிலும் இன்னொரு நாட்டில் வட்டிலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விலையில் விற்பதற்காக.

புளூரே வந்ததும் மண்டலங்கள் ஏ, பி, சி என்று மூன்றாகக் குறைந்தன, அபத்தம் குறையவில்லை. சத்யஜித் ராயின் ‘அபு’ படங்கள் மூன்றையும், மூல நெகட்டிவ்கள் தீயில் கருகிய பிறகு அரும்பாடுபட்டு மீட்டெடுத்து, அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் 2015ல் புளூரேயாக வெளியிட்டது. அந்த வட்டு ஏ மண்டலத்துக்கானது. இந்தியா சி மண்டலம். வங்காளத்தில் எடுத்த படத்தின் ஆகச் சிறந்த பிரதியைக் கொல்கத்தாவில் இருக்கும் ஒருவர் காசு கொடுத்து வரவழைத்தாலும், இந்தியாவுக்கெனச் செய்த, சட்டப்படி உரிமம் பெற்ற பிளேயரில் அவர் அதைப் பார்க்க வழியில்லை. இதைக் ‘கோளாறு’ என்று அழைத்தால் கோளாறு என்ற சொல்லுக்கே அவமானம்.

புளூரேயின் பூட்டு டிவிடியினுடையதைவிட நுட்பமானது. அதனாலேயே வாங்கியவருக்கு அதிகத் தொல்லை. புதிதாக அச்சாகும் வட்டுகள் ‘செல்லாத பிளேயர்’களின் பட்டியலையும் சுமந்து வருகின்றன. அந்த வட்டை ஒரு முறை போட்டால் போதும், பட்டியல் டிரைவின் நினைவில் ஏறிவிடும். அதன்பின் அந்தப் பிளேயர் மென்பொருளால், நேற்றுவரை ஓடிய பழைய வட்டையும் திறக்க முடியாமல் போகலாம். 2007ல் வின்டிவிடியின் சாவி கசிந்தபோது, தவறே செய்யாத அதன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் இனிப் படம் ஓடும் என்ற நிலை வந்தது. 2016ல் வந்த 4கே புளூரே இன்னும் ஒரு படி மேலே போனது. அதைக் கம்ப்யூட்டரில் அதிகாரபூர்வமாகப் பார்க்க இன்டெல்லின் ஏழாம் தலைமுறை சிப்பும், அதற்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற ரகசிய அறையும், அதற்கு ஒத்துப்போகும் மதர்போர்டும், தகுந்த மானிட்டரும் வேண்டும் என்றார்கள். ஏஎம்டி சிப் வைத்திருந்தவர்களுக்கு வாய்ப்பே இல்லை. சொன்னதையெல்லாம் வாங்கி அடுக்கியவர்களுக்கு என்ன நடந்தது? அந்த ரகசிய அறையில் ஆராய்ச்சியாளர்கள் ஓட்டைமேல் ஓட்டையாகக் கண்டுபிடித்த நிலையில், பதினோராம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் சிப்புகளில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. பவர்டிவிடியை விற்கும் சைபர்லிங்க் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன யோசனை, பழைய சிப்பையும் மதர்போர்டையும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதாவது, புதுக் கம்ப்யூட்டர் வாங்காமலிருப்பதே தீர்வு.

போதாததற்கு, பாதுகாப்பு என்ற பெயரில் வட்டைத் தாங்களே கெடுத்து விற்ற வரலாறும் உண்டு. நகலெடுக்கும் மென்பொருளைக் குழப்ப, டிவிடியின் சில பகுதிகளை வேண்டுமென்றே வாசிக்க முடியாதபடி அச்சிடும் ‘ஆர்க்காஸ்’ என்ற முறையைச் சோனி கொண்டுவந்தது. படத்தை ஒழுங்காக ஓட்டும் பிளேயர் அந்தக் குழிகளைத் தாண்டிப் போய்விடும் என்பது ஏற்பாடு. 2007ல் ‘கேசினோ ராயல்’ உள்ளிட்ட சில படங்களின் வட்டுகள் பல பிளேயர்களில் ஓடாமல் நின்றன. நின்றவற்றில் சோனியே தயாரித்த பிளேயரும் இருந்தது. நகல் தடுப்பு ஏற்பாடுதான் காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அப்படிப்பட்ட வட்டை எத்தனை பேர் எத்தனை முறை துடைத்திருப்பார்கள்!

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது திருட்டு. பூட்டு இல்லாவிட்டால் ஆளாளுக்கு நகலெடுத்து விற்றுவிடுவார்கள், தயாரிப்பாளர் தெருவுக்கு வந்துவிடுவார் என்பது. கவலை நியாயமானது, தமிழ் சினிமா அந்த அடியை நன்றாகவே வாங்கியிருக்கிறது. குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீடியோ திருடர்களையும் தமிழ்நாடு 2004ல் கொண்டுவந்தது சும்மா இல்லை. ஆனால் அந்தத் திருட்டு எங்கிருந்து நடந்தது என்று பார்க்க வேண்டும். படம் வெளியான வாரத்திலேயே பஜாருக்கு வந்த திருட்டு விசிடி, தியேட்டரில் கேமரா வைத்து எடுத்தது. அல்லது பிரிண்ட் போகும் வழியில் கசிந்தது. அதிகாரபூர்வ டிவிடி வருவதற்குள் திருடியவர் சம்பாதித்து முடித்திருப்பார். டிவிடியின் பூட்டு 1999லேயே உடைந்துவிட்டது. அதன்பிறகு அது திருடனை ஒரு நாளும் நிறுத்தவில்லை. திருட்டு வட்டில் பூட்டும் இல்லை, மண்டலமும் இல்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். மறுக்கப்படுபவர் அசலுக்குக் காசு கொடுத்தவர் ஒருவர்தான். நேர்மையாக வாங்கினால் மட்டமான பொருள், திருட்டாக வாங்கினால் நல்ல பொருள் என்று ஆக்கி வைத்துவிட்டுத் திருட்டை ஒழிப்பதாகச் சொல்வது யாரை நம்பவைக்க? திருட்டோடு வேறு விதமாக மோதவும் முயற்சி நடந்தது. மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்து, திருட்டுப் பிரதியோடு விலையிலேயே போட்டி போட்டது. அந்த நிறுவனம் வேறு பல காரணங்களால் நொடித்து 2018ல் கலைப்புக்கு வந்தது உண்மை. ஆனால் வாங்குபவரைச் சந்தேகிக்காமல் அவரைக் கவரப் பார்த்த வழி அது.

இன்னொரு வாதம் நடைமுறைவாதிகளுடையது: விஎல்சி இருக்கிறதே, இறக்கிப் போட்டால் டிவிடி ஓடிவிடும், இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? ஓடும் என்பது உண்மை, நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மையும்கூட. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 1996ல் தொடங்கி, 2001ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட அந்த மென்பொருள், டிவிடியின் சாவியைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடுகிறது. மண்டலத்தையும் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் அது யாரும் கொடுத்த உரிமை இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பூட்டுடைக்கும் பகுதி சந்தேகத்துக்குரியது. அதனால்தான் லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அதைத் தம்மோடு சேர்த்துத் தராமல், வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கின்றன. புளூரேயில் இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. விஎல்சியை உருவாக்கும் அமைப்பு, புளூரேயின் பூட்டைத் திறக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று பிரான்ஸின் பதிப்புரிமைக் கண்காணிப்பு ஆணையத்திடமே 2012ல் கேட்டது. 2013ல் வந்த பதிலில் எதிர்பார்த்த அனுமதி இல்லை. தன்னார்வலர்களின் திறமையை நம்பித்தான் வாங்கியவர் தன் பொருளைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், அது விற்றவரின் பொறுப்பைக் குறைக்காது, கூட்டும்.

நீங்கள் வாங்கியது வட்டைத்தான், படத்தை இல்லை, பார்ப்பதற்கு ஒரு வரையறுத்த உரிமம் மட்டுமே உங்களுக்கு என்றும் சொல்வார்கள். சரி. படத்தைத் திரையிடவோ விற்கவோ வாடகைக்கு விடவோ இங்கே யாரும் கேட்கவில்லை. பார்க்கும் உரிமம் ஒன்று உண்டல்லவா, அது விண்டோஸ் பதிப்பு மாறினால், சிப் மாறினால், வீடு மாறிக் கடல் தாண்டினால் காலாவதியாகும் என்று பெட்டியின் எந்த மூலையில் அச்சிட்டிருக்கிறது? ‘விற்பனை விலை, வரிகள் உட்பட’ என்றுதான் இருக்கிறது.

வட்டுக் காலமே முடிந்துவிட்டது, ஓடிடி வந்துவிட்டது, செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்கள் என்பவர்களுக்கு நேர்மாறான பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காலம் முடிகிறது என்பதாலேயே இது இப்போது அவசரமாகிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் டிவிடி தபால் சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. பதிவு செய்யும் புளூரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. டிரைவ் செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டுகிறார்கள். ஓடிடியில் இன்று இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளை இருக்காது. வட்டில் வந்த எத்தனையோ பழைய படங்கள் ஓடிடிக்கு வந்ததே இல்லை. வட்டுகளுக்கும் ஆயுள் ஒரே சீராக இல்லை. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் ஓர் ஆலையில் அச்சான வார்னர் பிரதர்ஸ் டிவிடிகளில் சில, கீறலே இல்லாமல் அலமாரியில் இருந்தபடியே கெட்டுப்போனதை 2025ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்று வட்டு தர முன்வந்தது. மாற்றித் தர முடியாதவற்றுக்கு வேறு படம் என்றது. இப்படிக் கெடும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் வாங்கியவர் செய்திருக்கக்கூடிய ஒரே காரியம் ஒரு நகல் எடுத்து வைப்பது. அதைத்தான் பூட்டும் அமெரிக்கச் சட்டமும் தடுக்கின்றன.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட விவேகமானது என்பது பலருக்குத் தெரியாது. 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது; ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை என்று அதே பிரிவின் அடுத்த வரி சொல்கிறது. 52ஆம் பிரிவு, கம்ப்யூட்டர் நிரல் தவிர்த்த எந்தப் படைப்பையும் சொந்த உபயோகத்துக்காக நியாயமாகக் கையாள்வதை மீறலாகக் கருதுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாங்கிய வட்டைத் திறந்து பார்ப்பதும் தனக்கென ஒரு பிரதி எடுத்து வைப்பதும் இந்தியாவில் குற்றமாகாது என்பதே என் வாசிப்பு. சிக்கல் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். கோடிக்கணக்கானோர் இலவசமாக இறக்கிக்கொள்ளும் மென்பொருளை எழுதுபவர் எந்தப் பதிவேட்டில் யாருடைய முகவரியை எழுதுவார்? பழைய வட்டுகளை மாற்றித் தரும் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா? உரிமையை ஒரு கையால் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் கருவியைத் தருபவரை இன்னொரு கையால் மிரட்டுகிறது இந்த வரி.

ஆகவே கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. சட்டப்படி வாங்கிய வட்டைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கும் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்வதற்கும் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்று மத்திய அரசு பதிப்புரிமை விதிகளில் ஒரே வரியில் தெளிவுபடுத்தலாம். பதிவேட்டு நிபந்தனையிலிருந்து பொதுப் பயன்பாட்டு மென்பொருளுக்கு விலக்குத் தரலாம். நியூசிலாந்து தன் சட்டத்தில், சந்தையைப் பிரிப்பதற்காக மட்டும் வைக்கப்பட்ட மண்டலத் தடுப்புக்குப் பாதுகாப்பே கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறது. அங்கே சினிமா அழிந்துவிடவில்லை. இங்கே விற்கும் வட்டின் பெட்டியில் மண்டல எண்ணையும், எந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்பதையும் கண்ணுக்குத் தெரியும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று நுகர்வோர் துறை உத்தரவிடலாம். பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022 முதல் அந்தத் துறை பேசிவருகிறது. செல்போனுக்கும் டிராக்டருக்கும் பொருந்தும் நியாயம் படத்துக்கும் பொருந்தும்.

அரசு எழுதும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. யுஎஸ்பி டிரைவ்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. பூட்டே இல்லாத கல்யாண, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு டிவிடிகளை முதலில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். சாயம் வெளுப்பது அவற்றில்தான் வேகம், மறுபிரதி கேட்க ஆளும் இருக்காது. அடுத்து, ஓடிடியில் கிடைக்காத படங்களின் வட்டுகள். பிரதி எடுத்த பிறகு மூல வட்டை யாருக்கும் விற்றுவிடாதீர்கள், பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அந்தப் பிரதி உங்கள் சொந்த உபயோகத்துக்கானது என்று நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவைதான் சான்று.